கர்ப்பப்பை எடுத்தாச்சு, அழுகை மட்டும் நிக்கல

கேள்வி: பர்மாவுல மோல்மேன்ல இருந்து ஒரு தங்கச்சி
9 ஏப்ரல் 2024

எனக்கு வயசு 41. கட்டி இருந்துச்சு, போன மாசம் 4-ம் தேதி கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. தையல் நல்லா ஆறிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரமானா அழுகை பொத்துக்கிட்டு வருது. என்ன காரணம்னு சொல்லத் தெரியல. கர்ப்பப்பை இல்லாதவ பாதிப் பொம்பளைதான், அப்படித்தான் இருக்கும்னு மாமியார் சொல்றாங்க. உண்மையா? யாருக்காவது இப்படி இருந்துச்சா?

10 ஏப்ரல்

தங்கச்சி, உன் மாமியார் பேச்சை முதல்ல தள்ளி வை. பாதிப் பொம்பளைன்னா மீதிப் பாதி என்னன்னு கேளு. அவங்களுக்கே தெரியாது.

எனக்கு 2018 அக்டோபர்ல, ரங்கூன்லயே எடுத்தாங்க. வயசு 43. அஞ்சு வருஷமா பெரும்பாடு. மாசத்துல பத்து நாள் பழைய லுங்கிய நாலா மடிச்சுக் கீழ போட்டுத்தான் படுப்பேன். ஹீமோகுளோபின் 6.8-க்கு இறங்கி, மாடிப்படி ஏறினா காதுக்குள்ள வண்டு ரீங்கரிக்கும். ரத்தம் ஏத்தின பிறகுதான் கத்தியே வச்சாங்க. எனக்கு எல்லாத்தையும் எடுத்தாச்சு: பை, அதோட வாய்ப்பக்கக் கழுத்து, ரெண்டு பக்க சினைப்பை, எதையும் விட்டு வைக்கல. நான் சொல்றதெல்லாம் முழுசா எடுத்தவ அனுபவம்னு வச்சுக்கோ.

அழுகை எனக்கும் வந்துச்சு. அஞ்சாவது வாரம். அதைப் பத்தி நிதானமா எழுதறேன், இப்ப கரண்ட் போகப் போகுது.

10 ஏப்ரல், ராத்திரி

அதுக்கு முன்னால தூக்கற விஷயம். உனக்கு அஞ்சு வாரம்தான் ஆகியிருக்கு, இதைக் கேட்டுக்கோ.

"மூணு வீசைக்கு மேல ஆறு வாரம் எதையும் தூக்கக்கூடாது"ன்னு என்கிட்ட சொல்லித்தான் அனுப்பினாங்க. மூணு வீசைன்னா அஞ்சு கிலோ மாதிரி. நாங்க இருக்கறது அஞ்சாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எல்லா வீட்டுலயும் போல பால்கனிலேர்ந்து ரோடு வரைக்கும் கயிறு தொங்கும். நுனில கிளிப்பு, மேல ஒரு மணி. பேப்பர், மொகிங்கா நூடுல்ஸ், கீரைக்கட்டு எல்லாம் அதுலதான் ஏறி வரும். மூணாவது வாரம் அரிசிக்காரன் மணியடிச்சான். தூக்கத்தானே கூடாது, இழுக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லலையேன்னு நானும் இழுத்தேன். எட்டு வீசை. மூட்டை மூணாவது மாடிகிட்ட வர்றப்ப அடிவயித்துல துணி கிழியற மாதிரி ஒரு வலி. கயித்தை விட்டுட்டேன். ரோடெல்லாம் அரிசி, புறாவுக்கெல்லாம் அன்னிக்குக் கல்யாணச் சாப்பாடு. எனக்கு ரெண்டு நாள் சிவப்பாப் பட்டுச்சு. தையல் விடலன்னு டாக்டர் பார்த்துச் சொல்ற வரைக்கும் சாமி படத்துக்கு முன்னாலயே உக்காந்திருந்தேன்.

இழுக்கறதும் தூக்கறதுதான். ஈரத்துணி பிழியறதும் அப்படித்தான். கக்கூஸ்ல முக்கறதும் அப்படித்தான், அதுக்காகவே பப்பாளிப்பழமும் தண்ணியும். கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாதுன்னு வீட்டுல ஒரு பட்டியல் வச்சிருப்பாங்க. அதுல சண்டை போடாதே, ஆறு வாரம் கத்தரிக்காய் இல்லாம யாரும் செத்ததில்ல. ஆனா முட்டை, மீன், பருப்பை நிறுத்தினா மட்டும் சண்டை போடு.

ஒரு மணி நேரத்துல ஒரு பேடு முழுசா நனைஞ்சா, குளிர் காய்ச்சல் வந்தா, நாத்தமா நீர் போனா, ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைச்சதை வலிச்சா, மூத்திரம் அடைச்சுக்கிட்டா இங்க வந்து எழுதிக்கிட்டு இருக்காதே. ஆஸ்பத்திரிக்கு ஓடு.

12 ஏப்ரல்

அழுகை.

அன்னிக்குத் துணி மடிச்சு பீரோவுல வச்சுக்கிட்டு இருந்தேன். கீழ்த்தட்டுல, புடவைக்குப் பின்னால, பழைய லுங்கியக் கிழிச்சு நான் வச்சிருந்த துணிங்க. துவைச்சு, வெயில்ல காய வச்சு, ஒரே அளவா மடிச்சு, இருபது இருக்கும். ராத்திரி அவசரத்துக்கு எடுக்கிறது. இனிமே இது எதுக்குன்னு நினைச்சேன், அவ்வளவுதான். தரையில உக்காந்து ஒரு மணி நேரம் அழுதேன். அந்த ரத்தத்தை அஞ்சு வருஷம் வாய் ஓயாமத் திட்டினவ நான். ஒழிஞ்சுதுன்னு மொட்டை போட வேண்டியவ அழுதுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

எனக்கு ரெண்டு பிள்ளைங்க. மூணாவது வேணும்னு கனவுல கூட நினைச்சதில்ல. அதனால பிள்ளைக்கு ஏங்கி அழுதேன்னும் சொல்ல முடியாது.

ரெண்டு வாரம் கழிச்சு என் மக ஸ்கூல் விட்டு வந்து பாத்ரூம்லேர்ந்து என்னைக் கூப்பிட்டா. பன்னெண்டு வயசு. என் மாமியார் வெத்தலைய மென்னுக்கிட்டே "வீட்டுத் தீட்டு கை மாறிடுச்சு"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். மஞ்சத்தண்ணி ஊத்தறப்போ சொம்பைத் தூக்க எனக்கு அனுமதி இல்ல, தண்ணியோட மூணு வீசை இருக்குமோன்னு பயம். மனை ஓரமா நாற்காலி போட்டு உக்கார வச்சாங்க. அவ தலையில தண்ணி இறங்கறதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். என்ன தோணுச்சுன்னு ஆறு வருஷமா யாராவது கேட்டா சொல்லலாம்னு வச்சிருக்கேன். இப்ப எழுத உக்காந்தா வார்த்தை வரல.

அந்தத் துணிய அவளுக்குக் கொடுக்கல. கடைப் பேடுதான். துணியெல்லாம் ஜன்னல் துடைச்சே தீர்ந்துபோச்சு.

14 ஏப்ரல்

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்து. கீழ திஞ்ஞான் பண்டிகைத் தண்ணி ஊத்தறாங்க, மேல கரண்ட் இல்ல, எனக்குள்ள மட்டும் அடுப்பு எரியுது. இந்த வேக்காடு ஆபரேஷன் ஆன நாள்லேர்ந்து இருக்கு. சினைப்பை போனா இப்படித்தான், ஒரே ராத்திரில மாசம் நின்ன கிழவி ஆயிடுவோம்.

நல்லதும் சொல்லணும். கோயில்ல எனக்குப் பதவி உயர்வு. மாவிளக்கு மாவு இடிக்க, பிரசாதத்துக்கு அரிசி களைய, பீலிக்கான் தீமிதிக்குப் பானை தூக்கன்னு எல்லாத்துக்கும் முதல் போன் எனக்குத்தான் வரும். தூரமாகாத ஆள்னு பேர். முந்தி நாள் எண்ணிப் பார்த்துத் தப்பிச்சுக்குவேன், இப்ப அதுவும் முடியாது.

19 ஏப்ரல்

ஒரு தம்பி தனியாக் கேட்டிருக்கார், மனைவிக்கு எடுத்து மூணு மாசம், கிட்டப் போகவே பயமா இருக்கு, உள்ள என்ன ஆச்சுன்னே புரியலன்னு. கேட்டதுக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு தம்பி. என் வீட்டுக்காரர் அதைக் கேட்கவே ஏழு மாசம் ஆச்சு.

பர்மாவுல கர்ப்பப்பைக்குத் தாஎய்ன்னு பேரு, பிள்ளை வீடுன்னு அர்த்தம். எனக்கு ஆபரேஷன் ஆனப்போ எதிர்வீட்டுப் பர்மாக்கார அம்மா மஞ்சளும் மோந்து பார்க்கிற ஷூஸே மருந்து டப்பியும் கொண்டுவந்து பக்கத்துல உக்காந்துக்கிட்டாங்க. "வீட்டை எடுத்துட்டாங்க, அந்த இடம் காலியாவா கிடக்கும்?"னு அவங்களே கேட்டாங்க, நர்ஸ் சிரிச்சுட்டாங்க. காலியாக் கிடக்காது. ரங்கூன்ல ஒரு ரூம் காலியானா பக்கத்து வீட்டுச் சாமான் தானா நகர்ந்து வந்துடும்ல, அதே மாதிரி குடல் வந்து உக்காந்துக்கும். கழுத்தோட எடுத்திருந்தா பாதையோட மேல்முனைய மூடித் தைச்சிருப்பாங்க. அந்தத் தையல் ஆறத்தான் ஆறு, எட்டு வாரம் ஒதுங்கியிருக்கச் சொல்றது. டாக்டர் பார்த்துச் சரின்னுட்டா பயமில்ல. முன்ன போல இல்லாம வறண்டு எரிச்சலா இருந்தா அது உங்க மேல வெறுப்பு இல்ல, உடம்பு. அதுக்கு ஜெல் இருக்கு, சினைப்பை போனவங்களுக்கு உள்ள தடவுற ஈஸ்ட்ரோஜன் க்ரீமும் இருக்கு. பெரும்பாடு தீர்ந்ததும் முன்னைக்கு இப்ப நிம்மதியா இருக்குன்னு சொல்ற பொம்பளைங்களும் நிறைய.

எனக்கு இன்னொரு சமாச்சாரமும் உண்டு. அதை இங்க எழுத மாட்டேன்.

22 ஏப்ரல்

"தேவையில்லாம எடுத்துடறாங்களாமே"ன்னு கேட்ட அக்காவுக்கு. நடக்குது. மகாராஷ்டிராவுல பீட் மாவட்டம், கரும்பு வெட்டற பொம்பளைங்க. தூரமாகி லீவு போட்டா கூலி போயிடும், அபராதமும் கட்டணும்னு இளம் வயசுலயே எடுத்துக்கிட்டவங்க ஆயிரக்கணக்குல. 2019-ல பெரிய செய்தி ஆச்சு. என் விஷயம் அது இல்ல, கட்டி தேங்காய் அளவு. ஆனா ரத்தத்தைக் குறைக்கிற ட்ரானெக்ஸாமிக் மாத்திரை, கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற ஹார்மோன் காயில், கட்டிய மட்டும் எடுக்கிற ஆபரேஷன்னு வேற வழியும் உண்டுன்னு எனக்குத் தெரிஞ்சது எல்லாம் முடிஞ்ச பிறகு. தெரிஞ்சிருந்தாலும் எடுத்திருப்பேன்னுதான் நினைக்கிறேன். கேட்டுட்டு எடுத்திருப்பேன்.

29 ஏப்ரல்

நேத்து நடு பர்மாவுல சௌக் ஊர்ல 48.2 டிகிரி. ரங்கூன் அவ்வளவு இல்ல, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் இல்லாத அஞ்சாவது மாடியில எனக்கு அந்தக் கணக்கெல்லாம் ஒண்ணுதான். முதுகு நடுவுல ஆரம்பிச்சு கழுத்து, காது, உச்சந்தலைன்னு ஏறும். அப்புறம் சட்டுனு குளிரும். தனகா மரப்பட்டைய அரைச்சு நெஞ்செல்லாம் அப்பிக்கிட்டு சிமென்ட் தரையில படுத்துக்கிட்டேன். விடிகாலை கரண்ட் வந்ததும் தெருவே "மீ லா பீ", கரண்ட் வந்தாச்சுன்னு கத்துச்சு. நான்தான் அதுல பெரிய குரல்.

1 மே

நர்ஸ் வேலை பார்க்கிற ஒரு தங்கச்சி கேட்குது: "அக்கா, எல்லாத்தையும் எடுத்தாங்கன்னு யார் சொன்னது? டிஸ்சார்ஜ் பேப்பர்ல என்ன எழுதியிருக்கு?"

என்ன கேள்வி இது. என் உடம்பு எனக்குத் தெரியாதா. பேப்பர் டிரங்குப் பெட்டியில இருக்கு, லீவு நாள்ல பார்க்கறேன்.

3 மே

பார்த்தேன்.

4 மே

நேத்து எழுத முடியல.

பேப்பர் நாலா மடிச்சு, மகளோட தடுப்பூசி அட்டைக்குள்ள இருந்துச்சு. இங்கிலீஷ், டாக்டர் கையெழுத்து வேற. 2018-லயும் இதைப் பார்த்தேன்: 'டோட்டல்'னு ஒரு வார்த்தை புரிஞ்சுது, சரி மொத்தமா எடுத்துட்டாங்கன்னு மடிச்சு வச்சுட்டேன். நேத்து மகதான் கண்ணாடி இல்லாமப் படிச்சா. "அம்மா, இது டோட்டல் இல்ல, சப்டோட்டல்." மடிப்பு மேலயே விழுந்து நூலா கிழிஞ்சிருக்கு அந்த 'சப்'. அதுக்குக் கீழ இடது சினைப்பை, குழாய் எடுத்ததுன்னு இருக்கு. வலது பத்தி ஒரு வார்த்தை இல்ல.

சப்டோட்டல்னா கழுத்தை விட்டுட்டுப் பையை மட்டும் எடுக்கிறதாம். நர்ஸ் தங்கச்சி கணக்குப்படி எனக்குக் கழுத்து இருக்கு. வலது சினைப்பையும் இருக்கு. ஆறு வருஷமா.

அதனால 10-ம் தேதி நான் எழுதின "எதையும் விட்டு வைக்கல" தப்பு. மோல்மேன் தங்கச்சி, மன்னிச்சுக்கோ. உன் பேப்பரை எடுத்துப் பாரு.

5 மே

இன்னும் திருத்தம். வேக்காடு ஆபரேஷன் நாள்லேர்ந்துன்னு சொன்னேன்ல, வீட்டுக்காரர் படிச்சுட்டு அப்படி இல்லங்கறார். சார்ஜர் ஃபேன் வாங்கினது 2022-ல, அதுக்கு முன்னால நீ ராத்திரி எழுந்ததே இல்லன்னு ரசீதோட நிக்கறார். ஃபேனுக்கு ரசீது வைக்கிற மனுஷன் என் பேப்பரைப் படிக்கல பாருங்க. ஆனா சொல்றது சரிதான். ஒரு சினைப்பை இருந்தாலும் அது தன் வேலையச் செய்யும். எனக்கு மாசம் நிக்கிற வயசு இப்பதான் வருது. கொஞ்சம் முன்கூட்டியும் வரலாமாம். எல்லாப் பழியையும் தூக்கி கத்தி மேல போட்டுட்டேன்.

மாசா மாசம் மார்பு கனத்து வலிக்கும், யார் பேசினாலும் எரிஞ்சு விழுவேன், நாலு நாள்ல சரியாயிடும். அமாவாசைக்குப் பிடிக்குதுன்னு வேப்பிலை அடிக்கக் கூடப் போயிருக்கேன். ரத்தம் வர்ற வழி இல்லாமப் போனாலும் அந்தச் சினைப்பை மாசத்தை விடாம எண்ணிக்கிட்டுத்தான் இருந்திருக்கு.

எழுத மாட்டேன்னு சொன்ன சமாச்சாரம் இதுதான்: முதல் ரெண்டு வருஷம் மாசத்துல ஒரு நாள், ரெண்டு நாள், காப்பிக் கறை அளவுக்குப் படும். எல்லாம் எடுத்த பிறகும் ரத்தம்னா புற்றுதான்னு நினைச்சுக்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. மக படிப்பு முடியட்டும்னு சாமிகிட்ட தவணை கேட்டேன். கழுத்தை விட்டு வச்சவங்கள்ல சிலருக்கு அதுல ஒட்டியிருக்கிற உள்சவ்வு இப்படி மாசம் கசியும்னு நர்ஸ் தங்கச்சி ஒரு வரியில எழுதிட்டுப் போயிடுச்சு. ரெண்டு வருஷம் நான் தூங்காததுக்கு ஒரு வரி.

அப்படின்னு யாரும் தானா முடிவு பண்ணிக்காதீங்க. எடுத்த பிறகு ரத்தம் பட்டா காட்டித்தான் ஆகணும்.

20 மே

டாக்டரம்மாகிட்ட போயிட்டு வந்தேன். வேற ஆஸ்பத்திரி. பேப்பரைக் காட்டினதும் முதல் கேள்வி: "பாப் டெஸ்ட் கடைசியா எப்ப?" கழுத்துலேர்ந்து எடுத்துப் புற்று அறிகுறி இருக்கான்னு பார்க்கிற டெஸ்ட் அது. நான் எடுத்தது ஆபரேஷனுக்கு முந்தி. கழுத்து இருக்கிற வரைக்கும் கர்ப்பப்பை வாய்ப் புற்று வர வாய்ப்பு உண்டு, மூணு வருஷத்துக்கு ஒரு தடவையாவது எடுத்திருக்கணும்னாங்க. ரெண்டு தடவை தவற விட்டிருக்கேன். எடுத்து அனுப்பியாச்சு.

வேக்காட்டுக்கு ஹார்மோன் கேட்டேன். கர்ப்பப்பை முழுசா இல்லாதவங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும், உனக்குக் கழுத்துல சவ்வு மிச்சம் இருக்கலாம், கூட புரொஜெஸ்ட்ரோனும் வேணுமான்னு பார்த்துத்தான் சொல்லுவேன்னாங்க. அதுவும் பேப்பரைப் பார்த்துத்தான். "ஹார்மோன்னா மார்புப் புற்று வரும்"னு கீழ ஒருத்தர் எழுதியிருக்கார். அந்தப் பேச்சு வந்தது 2002-ல அமெரிக்காவுல நிறுத்தின பெரிய ஆய்வால, அது ரெண்டு ஹார்மோனும் சேர்த்து எடுத்தவங்களைப் பத்தினது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த பிரிவை 2004-ல நிறுத்தினாங்க. அங்க கூடினது பக்கவாதம், மார்புப் புற்று கூடல. யாருக்கு எதுன்னு டாக்டர்தான் சொல்லணும், நானும் சொல்லக்கூடாது, அவரும் சொல்லக்கூடாது.

11 ஜூன்

ரிசல்ட் வந்துச்சு. கொஞ்சம் அழற்சி, வேற ஒண்ணும் இல்ல. வர்ற வழியில லபெத், அதான் ஊறவச்ச தேயிலை, வாங்கி பஸ் ஸ்டாண்டுலயே நின்னு தின்னேன்.

23 ஜூன்

மோல்மேன் தங்கச்சி பேப்பரை எடுத்துப் பார்த்துட்டா. அவளுக்கு எடுத்தது முழுசு, கழுத்தோட. ரெண்டு சினைப்பையும் பத்திரமா இருக்கு. அதனால அழுகைய மாசம் நின்னதால வந்ததுன்னு சொல்ல முடியாது. ரத்தம் பார்த்திருக்கா, ஹீமோகுளோபின் 8.4. கட்டி போச்சு, அது குடிச்ச ரத்தம் திரும்பி வரலயே. இரும்பு மாத்திரை ஆரம்பிச்சாச்சு. அது மட்டுமேன்னும் நான் நினைக்கல. சாயங்காலம் தனியா விளக்கு வைக்காதே, எதிர்வீட்டுப் பிள்ளையையாவது கூப்பிட்டு வச்சுக்கோன்னு சொன்னேன். சாப்பாடு இறங்காம, தூக்கம் இல்லாம ரெண்டு வாரத்துக்கு மேல போனாலோ, இருந்து என்ன பண்ணன்னு தோணினாலோ டாக்டர்கிட்ட வாயைத் திறந்து சொல்லிடணும்னும் சொன்னேன். தையலைப் பார்க்கிற டாக்டர் தையலைத்தான் கேட்பார்.

7 ஜூலை

பெல்ட் எத்தனை நாள்னு கேட்டவங்களுக்கு: இருமறப்போ, எழுந்து நடக்கறப்போ தாங்கலா இருந்துச்சு, நான் ஒன்றரை மாசம் போட்டேன். தொப்பைய உள்ள தள்ளாது. அதுக்கு நானே சாட்சி.

14 ஜூலை

தங்கச்சி நேத்து ராத்திரி எழுதியிருக்கா. பேப்பர், சினைப்பைன்னு நாங்க பேசிக்கிட்டதை எல்லாம் அவ மாமியாருக்கும் படிச்சுக் காட்டுவாளாம். நேத்து மாமியார் திடீர்னு, "எனக்கும் எடுத்தாங்க"ன்னு சொன்னாங்களாம். 1988, கலவர வருஷம். இவ நாத்தனார் பிறந்தப்போ ரத்தம் நிக்காம, உயிர் பிழைச்சா போதும்னு எடுத்திருக்காங்க. அப்ப அவங்களுக்கு 32. பேப்பர் எதுவும் இல்ல. என்ன எடுத்தாங்க, என்ன விட்டாங்கன்னு தெரியாது. முப்பத்தாறு வருஷமா வீட்டுல யாருக்கும் தெரியாது. பாதிப் பொம்பளைங்கிறது அவங்க காதுல யாரோ போட்ட பேச்சு.

மீதிப் பாதி என்னன்னு அவங்களுக்கே தெரியாதுன்னு முதல் நாள் நான் நக்கலா எழுதினேன். அது அப்படியே இருக்கட்டும், அழிக்கல.

தங்கச்சி, பிரசவ அவசரத்துல எடுக்கறப்போ நேரமில்லாம கழுத்தை விட்டுட்டு எடுக்கிறது உண்டு. அவங்களுக்கு வயசு 68, டெஸ்ட்டே எடுத்ததில்லன்னா இப்பவும் எடுக்கணும். பேப்பர் வேணாம், டாக்டர் பார்த்தாலே கழுத்து இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும். கூட்டிட்டுப் போ. வெட்கப்பட்டா நீ முதல்ல படுத்துக் காட்டு.

18 ஜூலை

ரெண்டு பேரும் போயிட்டாங்களாம், டோக்கன் 31. மாமியார் வீட்டுலேர்ந்தே புளிச்சோறு கட்டிக்கிட்டு வந்திருக்காங்க. இன்னும் கூப்பிடல.